ஒரு பாதை, இரு வாயில்

நாற்புறமும் மலை சூழ்ந்த ஹுன்னஸ்கிரியவில் இருந்துகொண்டு கடலோர விமானத் தளம் ஒன்றைப் பற்றி எழுதப் புகுவது விந்தையாகத் தோன்றக்கூடும். மூடுபனி விலகும் வேளை பார்த்தே வானத்தைக் காண வேண்டிய ஊர் இது. மேலே விமானம் போனால் ஒலி கேட்கும், உருவம் தெரியாது. ஆயினும் வாசக அன்பர்கள் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கண்டி மாநகரிலே தொடங்கும் ஏ9 நெடுஞ்சாலை யாழ்ப்பாணத்திலே சென்று முடிகின்றது. யாழ்ப்பாணத்தார் அதனைக் கண்டி வீதி என்றே இன்றும் வழங்குவர். மலைநாட்டுப் பாடசாலைகளுக்கு அவ்வீதி வழியாக வந்து எழுத்தறிவித்த ஆசிரியர்கள் பலர். இங்குள்ள தோட்டங்களிலோ திருச்சிராப்பள்ளியிலும் புதுக்கோட்டையிலும் உறவினர் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆதலால் வடகரையில் உள்ள பலாலி விமானத் தளத்தின் கதவு திறப்பதும் அடைபடுவதும் நம்மையும் தொட்ட விஷயமே.

பலாலி போர்த் தளமா, பயணிகள் நிலையமா? இரண்டுந்தான். ஒரே ஓடுபாதை, அதற்கு வாயில் இரண்டு. ஒரு வாயிலால் கடவுச்சீட்டும் பெட்டியுமாகப் பயணி நுழைகின்றான்; மற்றொன்றால் சீருடை அணிந்தவன் நுழைகின்றான். நம் நாட்டுக் கரையோரத்தில் இவ்வாறு இருவருக்கும் பொதுவாய் அமைந்த தளங்கள் பல. கட்டுநாயக்கா, சீனன்குடா, கொக்கலை, மட்டக்களப்பு எல்லாம் அவ்வினத்தவை.

கடற்கரையை ஏன் தேர்ந்தார்கள் என்பது விளங்குவதற்கு அரிதன்று. விமானம் எழவும் இறங்கவும் தடையற்ற வெளி வேண்டும். மலையும் மரமும் கோபுரமும் இல்லாத வெளியைக் கடல் இலவசமாகவே தருகின்றது. போர்த் தளம் என்றால் கப்பற் பாதையைக் காப்பதும், நீர்மேல் வரும் பகையை முந்திக் காண்பதும் வேறு இருக்கின்றன. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின் பிரித்தானியருக்கு இந்து சமுத்திரத்தில் எஞ்சிய பெரும் அரண் இலங்கையே. அவ்வாண்டு ஏப்ரல் 4 ஆம் தேதி, கொக்கலை வாவியிலிருந்து எழுந்த கடல் விமானத்தில் சென்ற கனடிய அதிகாரி லெனார்ட் பேர்ச்சல், யப்பானியக் கப்பற்படை வருவதைக் கண்டு, தாம் சுட்டு வீழ்த்தப்படுமுன் வானொலி மூலம் செய்தி அனுப்பினார். மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டது. 9 ஆம் தேதி திருகோணமலைத் துறைமுகமும் சீனன்குடாத் தளமும் குண்டுவீச்சுக்கு இலக்காயின. ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிற்று. இரண்டாண்டு கழித்து மவுண்ட்பேட்டன் பிரபு தமது தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்கே கொண்டுவந்தார். மலைநாட்டிலே வரைபடம் விரித்தார்கள். கரையோரத்திலே காணி எடுத்தார்கள்.

கொக்கலையில் நடந்ததைத் தமிழ் வாசகர் பலர் அறிந்திலர். தளம் அமைக்க வேண்டி அவ்வூர்ச் சிங்கள மக்களைக் குறுகிய அவகாசத்தில் வீடு வாசல்களை விட்டு நீங்குமாறு பணித்தார்கள். ஊர் போயிற்று. சிங்கள எழுத்துலகின் மூத்தவரான மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு இடிபடாமல் எஞ்சிற்று. இன்று அது அருங்காட்சியகமாக நிற்கின்றது. விமானத் தளம் ஒரு கிராமத்தை விழுங்கும்பொழுது இனம் பார்ப்பதில்லை என்பதற்கு இஃதொரு சான்று. காலி மாவட்டத்துக்குச் செல்லும் மாணவர்களை ஆசிரியர்கள் கடற்கரையோடு நிறுத்தாமல் அவ்வீட்டுக்கும் அழைத்துச் செல்லலாம்.

பலாலியும் அந்த யுத்தத்தின் பிள்ளையே. பிரித்தானிய அரச விமானப்படை அங்கு ஓடுபாதை அமைத்தது. யுத்தம் முடிந்தது, படை போயிற்று, பாதை கிடந்தது. அதனை மக்கள் எடுத்துக்கொண்டார்கள். நாடு சுதந்திரம் பெறுவதற்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்னர், 1947 டிசம்பர் 10 ஆம் தேதி, எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து எழுந்து, காங்கேசன்துறை எனக் குறிக்கப்பட்ட இப்பலாலியில் இறங்கி, அப்பால் சென்னைக்குப் பறந்தது. அந்த டக்கோட்டா விமானத்தின் பெயர் சீதாதேவி. இலங்கையிலிருந்து பாரதத்துக்கு விமானத்தில் மீண்ட முதற் பெண்மணியின் பெயரை வேண்டுமென்றே இட்டார்களோ, தற்செயலாக அமைந்ததோ, பெயர் பொருத்தமானதுதான். பின்னர் திருச்சிக்கும் சேவை நடந்தது. காலையில் புறப்பட்டுக் கடைத்தெருவில் சேலை எடுத்துக்கொண்டு மீண்ட கதைகளை யாழ்ப்பாணத்து முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். கதையில் சற்று மிகையும் இருக்கலாம். திருச்சி அவ்வளவு அண்மையில் இருந்தது என்பதில் மிகை இல்லை.

ஏறக்குறைய ஒரு தலைமுறைக் காலம் அவ்வாறு சென்றது. போருக்காக இட்ட பாதையை மக்கள் பயன்படுத்திய காலம் அது. தளத்தைச் சூழ்ந்து பலாலி, வசாவிளான், மயிலிட்டி, தையிட்டி, கட்டுவன் என ஊர்கள் செழித்திருந்தன. வலிகாமத்துச் செம்மண்ணைப் பற்றி மலைநாட்டார்க்குச் சொல்ல வேண்டும். தேயிலைக்கு நம் மலைச்சரிவு எப்படியோ, வெங்காயத்துக்கும் வாழைக்கும் புகையிலைக்கும் அம்மண் அப்படி. கீழே சுண்ணாம்புப் பாறை. அதில் ஊறும் கிணற்று நீர். மேலே செந்நிறப் புழுதி. அங்கே காணியை ஏக்கரால் அளப்பது அரிது, பரப்பால் அளப்பார்கள். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். இரண்டு மூன்று பரப்பை வைத்துக்கொண்டே ஒரு கமக்காரன் பிள்ளைகளைப் படிக்க வைத்துவிடுவான். அத்தகைய மண்ணில் ஒரு பரப்பை வேலிக்குள் அடைப்பதும், வேறெங்கோ தரிசில் பத்து ஏக்கரை அடைப்பதும் ஒன்றாகா.

பின் வந்த காலம் வேறு. 1978 செப்டெம்பர் 7 ஆம் தேதி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரத்மலானையில் நின்ற எயர் சிலோன் அவ்ரோ விமானம் ஒன்று குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. பயணிகள் இறங்கிவிட்டிருந்தமையால் உயிர்கள் தப்பின. அடுத்த ஆண்டில் எயர் சிலோனின் இடத்தை எயர் லங்கா பெற்றது. எண்பதுகளில் பலாலி முற்றாகப் படைத்தளமாயிற்று. 1990 ஜூன் மாதத்தில் யுத்தம் மீண்டும் மூண்டபொழுது வலிகாமம் வடக்கு மக்கள் உடுத்த துணியோடு ஊர்களை நீங்கினார்கள். அதியுயர் பாதுகாப்பு வலயம் என்னும் நீண்ட பெயர் அவ்வூர்களுக்கு வாய்த்தது.

அவ்வலயம் ஏன் அத்துணை அகன்றது? ஓடுபாதையின் நீளம் கண்ணுக்குத் தெரிவது. அதன் பாதுகாப்புக்குக் கோரப்படும் நிலமோ எதிரியின் எறிகணை எவ்வளவு தூரம் எட்டும் என்பதைப் பொறுத்தது. எறிகணையின் வீச்செல்லை ஒரு மைல் கூடினால் வேலியும் ஒரு மைல் நகரவேண்டும் என்பது படைத்துறைக் கணக்கு. அக்கணக்கில் பாடசாலை, கோவில், மீன்பிடித் துறை ஒன்றும் தனித்து நிற்கா. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் உள்ளே அகப்பட்டது. மயிலிட்டித் துறைமுகம் அகப்பட்டது. வசாவிளான் மத்திய கல்லூரி வேற்றூர்களில் இயங்கி, யுத்தம் முடிந்த பின்னரே தன் மனைக்கு மீண்டது. எத்தனையோ தமிழாசிரியரைப் பயிற்றிய பலாலி ஆசிரியர் கலாசாலையும் இடம்பெயர்ந்தது. ஆசிரியத் தொழிலில் இருப்போர்க்கு அப்பெயர் ஊர்ப்பெயர் மட்டுமன்று.

ஆயினும் அதே தளமே பின்னர் யாழ்ப்பாண மக்களுக்கு வெளியுலகின் ஒரே வாயிலாகவும் ஆயிற்று. தரைப்பாதை அடைபட்டிருந்தது. கப்பல் எப்பொழுது வரும் என்பது நிச்சயமில்லை. ஆகவே தனியார் விமானங்கள் பலாலிக்கும் இரத்மலானைக்கும் இடையே மக்களை ஏற்றின. பயணத்துக்குப் பாதுகாப்பு அனுமதி பெறவேண்டும். பேருந்தில் ஏறி முகாமுக்குள் போகவேண்டும். சோதனை முடிந்து காத்திருக்கவேண்டும். அறுவைச் சிகிச்சைக்குப் போகும் முதியவர், வெளிநாட்டிலுள்ள மணமகனிடம் போகும் பெண், சம்பளப் பாக்கிக்காகக் கொழும்பு அலுவலகத்துக்கு அலையும் எழுதுவினைஞர் யாவரும் அந்த வரிசையில் நின்றார்கள்.

1998 செப்டெம்பர் 29 ஆம் தேதி லயன் எயர் நிறுவனத்தின் அன்ரனோவ் விமானம் ஒன்று பலாலியிலிருந்து எழுந்தது. பயணிகள் 48 பேர், பணியாளர் 7 பேர். பயணிகளுள் பெரும்பாலானோர் தமிழர். மன்னார்க் கடற்புறத்துக்கு மேலே அது மறைந்தது. விடுதலைப் புலிகள் ஏவிய ஏவுகணையால் வீழ்ந்ததென்பது பிற்பாடு உறுதியாயிற்று. அந்நிறுவனம் படையினரையும் ஏற்றுகின்றது என்னும் குற்றச்சாட்டும் எச்சரிக்கையும் முன்னரே எழுந்திருந்தன. 2012 ஆம் ஆண்டிலேதான் இரணைதீவுக்கு அப்பால் கடலடியில் அதன் சிதைவுகள் கண்டறியப்பட்டன. பதினான்கு ஆண்டுக் காலம் அந்த 55 குடும்பங்களும் திதி கொடுப்பதா, காத்திருப்பதா என்று அறியாமல் இருந்தன. இரு வாயிலும் ஒரே பாதையில் முடியுமாயின், பாதையின்மேல் வரும் பகை வாயில் பார்த்து வருவதில்லை. 2001 ஜூலை 24 ஆம் தேதி கட்டுநாயக்காவில் படைத்தளம் தாக்கப்பட்டபொழுதும் அடுத்த வளவிலே நின்ற பயணிகள் விமானங்கள் சேர்ந்தே எரிந்தன. இதனை எடுத்துரைப்பது யாருடைய குற்றத்தையும் குறைப்பதற்கன்று. போர் நடக்கும் காலத்தில் பொதுமக்களைப் படைத்தளத்தின் வழியாகவே போகவைப்பது எத்தகைய ஆபத்து என்பதை ஆட்சியிலிருப்போர் பயணச்சீட்டு விற்குமுன் எண்ணியிருத்தல் வேண்டும்.

அமைதிக் காலத்திலே இத்தகைய கூட்டுக் குடித்தனம் எப்படி நடக்கின்றது? இதற்கு இந்தியக் கரையைப் பார்க்கலாம். கோவாவில் டபோலிம் விமான நிலையத்தைப் போர்த்துக்கேயர் ஐம்பதுகளில் அமைத்தார்கள். 1962 முதல் அது இந்தியக் கடற்படையின் தளம். சுற்றுலா பெருகியபொழுதும் வார நாட்களில் முற்பகல் வேளை கடற்படைப் பயிற்சிக்கென நெடுங்காலம் ஒதுக்கப்பட்டிருந்தது. பயணிகள் விமானங்கள் பிற்பகலிலும் இரவிலும் நெருக்கியடித்தன. மாமியார் சமையல் முடிந்த பிறகே மருமகளுக்கு அடுப்பு என்பது போல. 2023 ஜனவரியில் மோப்பாவில் வேறு நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னரே நெருக்கடி தளர்ந்தது. விசாகப்பட்டினத்தில் கடற்படையின் டேகா தளமும் பயணிகள் நிலையமும் ஒன்றே. ஓடுபாதையையும் வான்வழிக் கட்டுப்பாட்டையும் கடற்படை நடத்துகின்றது. 2014 அக்டோபர் 12 ஆம் தேதி ஹுட்ஹுட் புயல் பயணிகள் கட்டடத்தைச் சிதைத்தபொழுது, சில நாட்களுக்குள் மீண்டும் விமானம் இறங்கியது. அக்கம்பக்கத்தில் ஆட்பலமும் இயந்திரங்களும் இருந்தமை பேருதவி. நம் நாட்டிலும் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்து மலைச்சரிவுகளைப் பெயர்த்து வழிகளை அடைத்தபொழுது ஹெலிகொப்டர்கள் எத்துணைப் பயன்பட்டன என்பதை மலைநாட்டார்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே படையோடு ஒரே பாதையைப் பகிர்வது தன்னளவில் தீது என்று கூற நாம் துணியோம். விமானிகளுக்கு அதில் தகராறு இல்லை. கோபுரம் சொல்வதைக் கேட்டு இறங்கிவிடுவார்கள். தகராறு தரையில் உள்ளது.

பலாலிக்கு மீள்வோம். 2019 அக்டோபர் 17 ஆம் தேதி அது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்னும் பெயரோடு திறக்கப்பட்டது. அன்று சென்னையிலிருந்து அலையன்ஸ் எயர் விமானம் வந்திறங்கியது. நவம்பர் 11 முதல் ஒழுங்கான சேவை. நாலைந்து மாதம் நடந்தது. 2020 மார்ச்சில் கொரோனா வந்து நிறுத்திற்று. 2022 டிசம்பர் 12 ஆம் தேதி மீண்டும் தொடங்கிற்று. 2024 செப்டெம்பரில் இண்டிகோ நிறுவனம் சென்னைச் சேவையோடு புகுந்து, 2025 மார்ச் 30 ஆம் தேதி திருச்சிச் சேவையையும் ஆரம்பித்தது. கடல் கடக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம். வருவன எல்லாம் எழுபது பேர் அளவில் ஏறும் சுழல்விசிறி விமானங்கள். ஓடுபாதையின் செப்பனிட்ட நீளம் பெரிய விமானங்களுக்குப் போதாது.

திருச்சிச் சேவை என்பது யாழ்ப்பாணத்தாரைப் போலவே தோட்டத்து மக்களுக்கும் பொருளுடையது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் பிரிந்த குடும்பங்கள் அக்கரையில் உள்ளன. அன்று அவர்கள் தலைமன்னாரில் கப்பலேறிப் போனார்கள். யுத்தத்தோடு அக்கப்பலும் நின்றது. அண்ணன் இங்கும் தம்பி அங்குமாக முதுமை அடைந்தார்கள். கட்டுநாயக்கா வழியாகப் போகலாமே என்பார்க்கு, போகலாந்தான். ஆனால் ஏ9 வழியாகப் பேருந்தில் போய்ப் பலாலியில் ஏறித் திருச்சியில் இறங்குவது, பழைய தலைமன்னார்ப் பாதையைப் போல் ஏழைக்குப் புரிகின்ற பாதை. மொழி தெரிந்த வழி.

நம் ஊர்க்கு அருகான கரையோர நிலையம் உண்மையில் மட்டக்களப்புத்தான். ஹுன்னஸ்கிரியவைக் கடந்து மகியங்கனைக்கு வளைந்து வளைந்து இறங்கும் இதே வீதி பதியத்தலாவையில் சேர்ந்து செங்கலடிக்கு வழி காட்டுகின்றது. திமிலைதீவில் உள்ள அந்நிலையம் 1958 இல் திறக்கப்பட்டு, 1983 இல் விமானப்படை வசமாகி, 2016 இல் உள்நாட்டுப் பயணிகளுக்கு மீண்டும் திறந்து, 2018 இல் சர்வதேசப் பட்டமும் பெற்றது. பட்டம் கிடைத்ததேயன்றி யாழ்ப்பாணத்துக்கு வாய்த்ததுபோன்ற அயல்நாட்டுச் சேவை வாய்க்கவில்லை. கிழக்குப் பிரதிநிதிகள் பேசவேண்டிய விஷயம்; பேசுவார்களாக.

பலாலியில் இனி எழும் வினா, ஓடுபாதையை நீட்டுவதா என்பது. நீட்டினால் பெரிய விமானம் வரும், கட்டணம் குறையும், கனடாவிலும் இலண்டனிலும் உள்ள பிள்ளைகள் நேரே வந்து இறங்கலாம் என்று பயணிகள் ஆவலோடு இருக்கின்றார்கள். காணி உறுதியை இரும்புப் பெட்டியில் வைத்துக்கொண்டு 1990 முதல் காத்திருக்கும் கமக்காரனோ, நீட்டுவது என்றால் யாருடைய தோட்டத்தில் என்று கேட்கின்றான். இருவரும் தமிழர், சில வேளை இருவரும் ஒரே குடும்பத்தவர். தந்தை காணி கேட்கின்றார். மகன் விமானம் கேட்கின்றான்.

எமது கருத்தை ஒளிக்காமல் கூறுகின்றோம். நீட்டுவதாயின் படை வசம் இன்று இருக்கும் நிலத்துக்குள்ளேயே நீட்டுதல் வேண்டும். புதிதாக ஒரு பரப்புத்தானும் எடுத்தல் ஆகாது. யுத்தம் 2009 இல் முடிந்தது. எறிகணையின் வீச்செல்லையைக் கொண்டு வரைந்த வேலிக்கு எறிகணை இல்லாத காலத்தில் காரணம் கூறுவது கடினம். மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் விடுவிக்கப்பட்டதனால் பாதுகாப்புக்கு யாதொரு குறைவும் நேர்ந்ததாகத் தெரியவில்லை. படகுகள் கடலுக்குப் போய் மீன் கொண்டுவந்தன, அவ்வளவே. கட்டம் கட்டமாக வேறு காணிகளும் விடப்பட்டுள்ளன. எனினும் எஞ்சியுள்ளது சிறிதன்று.

2025 ஏப்ரல் 10 ஆம் தேதி வசாவிளானிலிருந்து பலாலி செல்லும் பிரதான வீதி 34 ஆண்டுகளின் பின் திறந்துவிடப்பட்டது. மகிழ்ந்தோம். ஆனால் திறந்தபொழுது விதித்த நிபந்தனைகளையும் வாசித்தோம்: காலை முதல் மாலை வரையே போகலாம், இடையில் வாகனத்தை நிறுத்தலாகாது, படம் பிடிக்கலாகாது, நடந்து செல்லலாகாது. சென்னையிலிருந்து வந்து இறங்கும் அந்நியருக்கு முதல் வாயிலில் வணக்கம் சொல்லி வரவேற்பு. அவ்வீதியின் இருமருங்கிலும் பிறந்து வளர்ந்தவனோ தன் கிணற்றடியை ஓடுகின்ற பேருந்தின் யன்னலால் பார்த்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

அரசாங்கம் செய்யக்கூடியது ஒன்று உண்டு, பெருஞ்செலவும் பிடியாது. ஒரு வரைபடத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு, தெல்லிப்பளைப் பிரதேச செயலகச் சுவரில் ஒட்டுதல் வேண்டும். விமான நிலையத்துக்கு எவ்வளவு, ஓடுபாதையின் பாதுகாப்புக்கு எவ்வளவு, முகாமுக்கு எவ்வளவு, திருப்பிக் கொடுக்கப்படுவது எது, எந்த ஆண்டில் என்று அதில் நிறம் தீட்டிக் காட்டிவிடலாம். உறுதிக்காரர் வந்து தத்தம் காணி எந்த நிறத்தில் இருக்கின்றது என்று விரல் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள்.